பேக்கப் ஓடும்போது சிப் (இணையத் தொலைபேசி) அழைப்பு உடைகிறது, எச்டிபி (லினக்ஸின் வேக வரம்பு முறை) போட்டும் பலனில்லை

வலைத்தறி:
டெபியன் 12 பெட்டிதான் ரவுட்டர். ஃபைபர் லைன், பிபிபிஓஇ (லாகின் வழி இணைப்பு). டவுன்லோடு 100, அப்லோடு 20 மெகாபிட். ஆர்சிங்க் (ஃபைல் நகலெடுக்கும் கருவி) பேக்கப் தொடங்கியதும் பிங் (பாக்கெட் போய்வரும் நேரம்) 12 மில்லிசெகண்டிலிருந்து 600-க்கு ஏறுது, சிப் போனில் குரல் விட்டுவிட்டு வருது. பிபிபி0-வில் (இணைய லைன் இன்டர்ஃபேஸ்) எச்டிபி: மேல் கிளாஸ் ரேட் 18எம்பிபிஎஸ், கீழே குரலுக்கு 4எம்பிபிஎஸ், மற்றதுக்கு 14எம்பிபிஎஸ். பாக்கெட் சரியான கிளாசுக்குத்தான் போகுது. ஆனா டிசி (லினக்ஸ் டிராஃபிக் கட்டுப்பாட்டுக் கட்டளை) -எஸ் கொடுத்தா ஓவர்லிமிட்ஸ் 0, பேக்லாக் (காத்திருக்கும் வரிசை) 0. எங்கே இடிக்குது?

கம்பிவடம்:
ஓவர்லிமிட்ஸ் 0 என்றால் ஷேப்பர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஒரு பாக்கெட்டைக்கூட நிறுத்தவில்லை. அலகில்தான் கோளாறு. டிசி-க்கு "எம்பிபிஎஸ்" என்றால் மெகாபைட். 18எம்பிபிஎஸ் 144 மெகாபிட் ஆகிவிடும். டிசி கிளாஸ் ஷோ போட்டால் 144எம்பிட் என்றே காட்டும். எழுத வேண்டியது "18எம்பிட்". 20 மெகாபிட் லைனில் வரம்பு 144 என்றால் வரிசை உங்கள் பெட்டியில் சேராது, ஓஎன்டி-யில் (ஃபைபர் முனைப் பெட்டி) சேரும். அங்கே உங்கள் பிரியாரிட்டி செல்லாது. லைன் வேகத்தைவிட 5 முதல் 10 சதவீதம் குறைத்து வைப்பது இதற்குத்தான்.

இவ்வளவு சின்ன வேலைக்கு எச்டிபி மரம் கட்டுவது வீண் என்பேன். கேக் என்ற கியூடிஸ்க் (பாக்கெட் வரிசை முறை) கர்னல் 4.19 முதலே இருக்கு:

டிசி கியூடிஸ்க் ரிப்ளேஸ் டெவ் பிபிபி0 ரூட் கேக் பேண்ட்விட்த் 18எம்பிட் டிஃப்சர்வ்4 நேட் டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட் ஓவர்ஹெட் 44 எம்பியு 84

"நேட்" விட்டுப்போனால் உள்ளே இருக்கும் எல்லா மெஷினும் ஒரே ஐபி-யாகத் தெரியும், ஆளுக்குச் சமபங்கு கிடைக்காது.

அலைவரிசை:
கேக்கோடு இன்னொன்று. போன் ஆர்டிபி-க்கு (குரல் பாக்கெட்) இஎஃப் குறி (அவசர முன்னுரிமை) போடுதா என்று டிசிபிடம்ப்பில் (பாக்கெட் பார்க்கும் கருவி) பாருங்க. போட்டால் தானாகவே வாய்ஸ் டின்னுக்கு (கேக்கின் முன்னுரிமைப் பிரிவு) போகும். ஆர்சிங்க்கை -இ "எஸ்எஸ்எச் -ஓ ஐபிகியூஓஎஸ்=சிஎஸ்1" என்று ஓட்டினால் பல்க் டின் (கடைசி முன்னுரிமை). நெரிசலில் பல்க்குக்கு உறுதியான பங்கு பதினாறில் ஒன்றுதான். லைன் சும்மா இருந்தால் முழு 18-ஐயும் எடுத்துக்கும். எஸ்எஸ்எச் டிஃபால்ட்டை நம்ப வேண்டாம், அது பதிப்புக்குப் பதிப்பு மாறுது.

டவுன்லோடுக்கு ஐஎஃப்பி (உள்ளே வரும் பாக்கெட்டை வரிசையில் நிறுத்த உதவும் போலி இன்டர்ஃபேஸ்) வேணும்:

ஐபி லிங்க் ஆட் ஐஎஃப்பிவேன் டைப் ஐஎஃப்பி
ஐபி லிங்க் செட் ஐஎஃப்பிவேன் அப்
டிசி கியூடிஸ்க் ஆட் டெவ் பிபிபி0 இன்கிரஸ்
டிசி ஃபில்டர் ஆட் டெவ் பிபிபி0 இன்கிரஸ் மேட்ச்ஆல் ஆக்‌ஷன் மிர்ரெட் இக்ரஸ் ரீடைரக்ட் டெவ் ஐஎஃப்பிவேன்
டிசி கியூடிஸ்க் ரிப்ளேஸ் டெவ் ஐஎஃப்பிவேன் ரூட் கேக் பேண்ட்விட்த் 90எம்பிட் பெஸ்ட்எஃபர்ட் நேட் டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட் இன்கிரஸ் ஓவர்ஹெட் 44 எம்பியு 84

ஐபிடேபிள்ஸ் (ஃபயர்வால்) மேங்கிளில் பாக்கெட்டுக்குப் போடும் மார்க் இங்கே உதவாது. பாக்கெட் அதற்கு முன்னாடியே ஐஎஃப்பி-க்குத் திரும்பிடும்.

வலைத்தறி:
18எம்பிட், கேக். பேக்கப் ஓடும்போதே பிங் 15. ஆனா லைன் அறுந்து திரும்ப வந்தா எல்லாம் காணாமப் போகுது.

கம்பிவடம்:
பிபிபி0 இறங்கினால் கியூடிஸ்க்கும் கூடவே போகும். டிசி வரிகளை ஸ்கிரிப்டாக்கி ஈடிசி/பிபிபி/ஐபி-அப்.டி-யில் (லைன் வந்ததும் ஓடும் ஸ்கிரிப்ட்களின் இடம்) வையுங்கள், சிஎச்மாட் +எக்ஸ் (ஓட்டும் அனுமதி) கொடுங்கள். ஐஎஃப்பி அழியாது, அதன் லிங்க் ஆட் வரி இரண்டாம் முறை பிழை தரும், அதோடு ஸ்கிரிப்ட் நின்றுவிடாமல் பாருங்கள். ஃபைல் பெயரில் புள்ளி கூடாது: "கேக்" என்றால் ஓடும், "கேக்.எஸ்எச்" என்றால் ரன்-பார்ட்ஸ் (அந்த ஸ்கிரிப்ட்களை ஓட்டும் கருவி) சத்தமில்லாமல் தாண்டிவிடும்.