பிளேட் கவசத்துக்கு எதிராக வாளுக்குப் பாதி டேமேஜ்: என் ஹவுஸ் ரூல் எங்கே சொதப்பியது?

மரப்பகடை கேட்டது:

இரண்டு வருடமாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டைஸ் உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு நடத்துகிறேன், 2014 விதிகள்தான். ஆறு பேர், எல்லாரும் மூன்றாம் லெவல். அதில் ஒருவன் இடைக்கால ஐரோப்பிய ஆயுதங்களைப் பற்றி ராத்திரியெல்லாம் வீடியோ பார்க்கிற ஆள். வாளால் பிளேட் கவசத்தை (உடம்பை மூடும் இரும்புத் தகடு) வெட்டவே முடியாது, அப்புறம் கிரேட்ஸ்வோர்டுக்கு எப்படி 2டி6 டேமேஜ் (ஆறுமுக டைஸ் இரண்டு), கவசத்தை நசுக்குவதற்கென்றே செய்த மேஸுக்கு ஏன் வெறும் டி6 என்று வாராவாரம் ஆரம்பித்துவிடுவான். தொல்லை தாங்காமல் ஒரு ஹவுஸ் ரூல் (எங்கள் மேசைக்கு மட்டுமான விதி) போட்டேன்: எதிரி பிளேட் போட்டிருந்தால் வெட்டும் ஆயுதத்துக்குப் பாதி டேமேஜ், நசுக்கும் ஆயுதத்துக்கு முழு டேமேஜும் கூட 2ம்.

போன சனிக்கிழமை அதை முதல்முறையாகச் சோதித்தோம். கோட்டை வாசலில் ஒரு பாலம், அதில் இரண்டு பேர்தான் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியும். எதிரே ஒரே ஒரு நைட், எதிரிகளின் விவரப் புத்தகமான மான்ஸ்டர் மேனுவலில் இருக்கிற அதே ஆள், ஏசி 18 (அடி படுவதற்கு எட்டவேண்டிய எண்), எச்பி 52 (உயிர்ப்புள்ளி). எங்கள் பக்கம் முன்னால் நின்றது கிரேட்ஸ்வோர்ட் ஃபைட்டரும் கிரேட்ஆக்ஸ் பார்பேரியனும், இரண்டுமே வெட்டும் ஆயுதம். ஒன்பது ரவுண்டு! ஃபைட்டர் டைஸில் 10 விழுந்ததைப் பார்த்துக் குதித்தான், 3ஐக் கூட்டிப் பாதியாக்கி 6 என்று நான் எழுதியதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். கிளெரிக் தன் மந்திரம் மொத்தத்தையும் இவர்களை எழுப்பி நிற்க வைப்பதற்கே செலவழித்தாள். அடுத்த ஊரில் எல்லாரும் வரிசையாக வார்ஹேமர் (நசுக்கும் போர்ச்சுத்தியல்) வாங்குகிறார்கள், விசார்டுகூட விலை கேட்டான். குழுவே கொல்லன் பட்டறை மாதிரி ஆகிவிட்டது.

இதைச் சரிசெய்ய வழி உண்டா, இல்லை தூக்கிப் போட்டுவிடவா? இன்னும் இரண்டு சந்தேகம். கிரேட்ஸ்வோர்ட் நல்லதா கிரேட்ஆக்ஸ் நல்லதா என்று அந்த இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. அப்புறம் டாகருக்கு டி4தான் என்பதை ரோக் ஏற்கவே மாட்டேன் என்கிறாள், கழுத்தில் குத்தினால் மனிதன் சாகமாட்டானா என்கிறாள்.

ஏழரைக்கணக்கு:

தூக்கிப் போடுங்கள். நீங்கள் ஒரே கவசத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டீர்கள்.

உங்கள் ஃபைட்டரையே எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெங்த் 16 என்றால் +3, புரொஃபிஷியன்சிக்கு (ஆயுதப் பயிற்சி) +2, ஆக மொத்தம் +5. ஏசி 18ஐத் தொட டி20 என்ற இருபதுமுக டைஸில் 13 விழவேண்டும், அதாவது 40 சதவீதம். கிரேட்ஸ்வோர்டின் சராசரி 7, கூட 3, பட்டால் 10. கிரிட்டையும் (20 விழுந்தால் ஆயுத டைஸ் இரட்டிப்பு) சேர்த்தால் ஒரு வீச்சுக்குச் சராசரி 4.35. இதே ஆள் ஏசி 12 உள்ள கொள்ளைக்காரனை அடித்தால் 70 சதவீதம் படும், சராசரி 7.35. பிளேட் ஏற்கெனவே அவன் அடியில் நாற்பது சதவீதத்தைத் தின்றுவிட்டது. படாமல் போன அந்த வீச்சுகளில் பாதி உண்மையில் பட்டவைதான், கவசத்தில் சறுக்கிப் போனவை. அதற்கு மேல் நீங்கள் பாதியாக்கினால் வீச்சுக்கு 2 சொச்சம்தான் மிஞ்சும். 52 எச்பியைக் கரைக்க இருபதுக்கு மேல் வீச்சு வேண்டும், இரண்டு பேர் ஒன்பது ரவுண்டில் முடித்ததே அதிர்ஷ்டம். நைட்டுக்கு பாரி என்று ஒரு ரியாக்‌ஷனும் இருக்கிறது, ஒரு அடிக்கு ஏசியில் 2 கூடும். அதையும் நீங்கள் மறக்காமல் பயன்படுத்தியிருந்தால் விடிந்திருக்கும்.

கிரேட்ஸ்வோர்ட், கிரேட்ஆக்ஸ் தகராறுக்கு வீட்டில் தாயக்கட்டை இருந்தால் எடுத்து உருட்டச் சொல்லுங்கள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெற்றுப் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று விழ 16க்கு 4 வழி இருக்கிறது, பன்னிரண்டுக்கு இரண்டும் வெறுமையாக விழவேண்டும், 16க்கு 1தான். பாட்டியோடு விளையாடிய எவருக்கும் இது கையிலேயே தெரியும். 2டி6ம் அப்படித்தான் நடுவில் குவியும், 7க்கு 36இல் 6 வழி, 12க்கு ஒன்றே ஒன்று. கிரேட்ஆக்ஸின் டி12இல் எல்லா எண்ணும் சமம். சராசரி 7க்கு எதிராக 6.5. ஃபைட்டர் கிரேட் வெப்பன் ஃபைட்டிங் என்ற சண்டைப் பாணியை எடுத்திருந்தால் 1ம் 2ம் மறுபடி உருட்டலாம் என்பதால் இடைவெளி இன்னும் கூடும், 8.33க்கு 7.33. ஆனால் பார்பேரியன் ஹாஃப்-ஆர்க் இனம் என்றால் கிரிட்டில் ஆயுத டைஸ் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும், அங்கே கோடரி 3டி12, சராசரி 19.5, வாள் 5டி6, 17.5. ஆக இரண்டு பேர் கையிலும் இருக்கவேண்டியதே இருக்கிறது. சண்டையை நிறுத்தச் சொல்லுங்கள்.

துருப்பிடித்தவாள்:

கணக்கு சரி. ஆனால் அந்த வீடியோ நண்பர் சொல்வதும் பாதி சரி என்பதால் வரலாற்றுப் பக்கத்தைக் கொஞ்சம் பேசுகிறேன்.

பிளேட்டை வாளால் வெட்ட முடியாது, உண்மை. அதனால்தான் யாரும் வெட்டவில்லை. டால்ஹோஃபர் என்ற ஜெர்மன் வாள் ஆசானின் 1467ஆம் ஆண்டுச் சுவடியைப் பாருங்கள். கவசம் போட்ட ஆட்கள் வாளின் அலகையே ஒரு கையால் பிடித்து, குட்டை ஈட்டி மாதிரி ஆக்கி, அக்குள், முழங்கை மடிப்பு, முகமூடியின் கண்துளை என்று இடுக்கு தேடிக் குத்துகிறார்கள். இல்லையென்றால் வாளைத் தலைகீழாகத் திருப்பி இரண்டு கையாலும் அலகைப் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தால் மண்டையில் போடுவது, அதற்கு மோர்ட்ஹாவ் என்று பெயர், கொலைவீச்சு. அப்போது வாள் வாளே இல்லை, சுத்தியல். ஆக உங்கள் ஃபைட்டர் 13ஓ அதற்கு மேலோ உருட்டினால் அவன் வெட்டவில்லை, இடுக்கைக் கண்டுபிடித்துவிட்டான் என்று வர்ணியுங்கள். விதியில் ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம்.

மேஸுக்கு டி6 என்பதில் எனக்கு வருத்தமில்லை. அது சிம்பிள் ஆயுதம், விலை 5 பொற்காசு, விசார்டைத் தவிர அநேகமாக யார் கையிலும் கொடுக்கலாம். பயிற்சி உள்ளவனுக்கென்று இருக்கும் வார்ஹேமர் டி8, லாங்ஸ்வோர்டும் டி8, இரண்டு கையால் பிடித்தால் இரண்டுமே டி10, விலைகூட இரண்டுக்கும் 15தான். இந்த எண்கள் காயத்தின் ஆழத்தை அளக்கவில்லை. எத்தனை கை பிடிக்கிறது, கேடயம் வைக்க முடியுமா, எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதற்குப் போட்ட விலை.

டாகரும் அப்படியே. ரோக்கிடம் சொல்லுங்கள், கழுத்தில் குத்துவது டி4 அல்ல, அவளுடைய ஸ்னீக் அட்டாக் (ரோக்குக்கு மட்டும் கிடைக்கும் கூடுதல் டேமேஜ்) 2டி6தான் அது. பதினைந்தாம் நூற்றாண்டில் கவசக்காரர்கள் இடுப்பில் ராண்டல் என்ற விறைப்பான குத்துவாளைச் செருகியிருந்தது நின்று சண்டை போட அல்ல, கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்து கண்துளையில் இறக்க. விதியிலும் அது இருக்கிறது: 0 எச்பியில் மயங்கிக் கிடப்பவனை ஐந்தடிக்குள் நின்று அடித்து அது பட்டால் தானாகவே கிரிட், இரண்டு டெத் சேவ் (சாகாமல் தப்பிக்கும் உருட்டல்) தோல்வி. டி4ஓ டி12ஓ, அங்கே வித்தியாசமே இல்லை.

யதார்த்தம்தான் வேண்டும் என்று அந்த நண்பர் இன்னும் அடம்பிடித்தால் ஹெவி கிராஸ்போ என்ற கனமான விசைவில்லிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஒரு ரவுண்டு 6 நொடி, ரவுண்டுக்கு ஒரு அம்பு என்றால் நிமிடத்துக்குப் பத்து. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நாணை இழுக்கவேண்டிய கனமான கிராஸ்போவில் நிமிடத்துக்கு இரண்டு விட்டாலே பெரிய காரியம்.

பழையபதிப்பு:

நீங்கள் செய்ததை இந்த விளையாட்டே செய்து பார்த்து விட்டுவிட்டது. 1974இல் வந்த முதல் பெட்டியில் எல்லா ஆயுதத்துக்கும் டி6தான், டாகரும் சரி, இரண்டு கை வாளும் சரி. அடுத்த வருடம் கிரேஹாக் என்ற துணைநூலில்தான் ஆயுதத்துக்கு ஒரு டைஸ் என்று ஆனது. 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒரு பெரிய அட்டவணை, ஒவ்வொரு ஆயுதமும் ஒவ்வொரு கவச எண்ணுக்கு எதிராக எவ்வளவு கூட்டவேண்டும் கழிக்கவேண்டும் என்று. எங்கள் மேசையில் அதை ஒரே ஒரு நாள் பயன்படுத்தினோம், ஒவ்வொரு வீச்சுக்கும் பக்கம் புரட்டிக்கொண்டு. 1989இல் வெட்டு, குத்து, நசுக்கு என்று மூன்றாகச் சுருக்கி, விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அட்டவணையே கிடையாது.

கவனித்தீர்களா, அந்த அட்டவணைகள் தொட்டது படுமா படாதா என்பதை, டேமேஜை அல்ல. உங்களுக்கு ஆசை விடவில்லை என்றால் பிளேட்டுக்கு எதிராக நசுக்கும் ஆயுதத்துக்கு அட்டாக்கில் +1 கொடுங்கள், வாளிடமிருந்து எதையும் பிடுங்காதீர்கள். டேபிளில் ஒருவனிடம் இருப்பதைப் பிடுங்கினால் அவன் அடுத்த வாரம் வரமாட்டான். இல்லையென்றால் எலும்புக்கூடு மாதிரி எதிரியில் வையுங்கள். எலும்புக்கூட்டுக்கு 13 எச்பிதான், நசுக்கும் அடி இரட்டிப்பாகப் படும், அன்றைக்கு மேஸ் வைத்திருக்கும் கிளெரிக்தான் ராஜா, மறுநாள் வாள்காரன் பழையபடி ராஜா.

2024 புத்தகத்தில் இருக்கும் வெப்பன் மாஸ்டரியை (ஆயுதத்துக்கு ஒரு தனித்திறன்) மட்டும் கடன் வாங்கினாலும் போதும். கிரேட்ஸ்வோர்ட் தவறினாலும் ஸ்ட்ரெங்த் தரும் கூட்டலின் (உங்கள் ஃபைட்டருக்கு 3) அளவுக்கு டேமேஜ் போகும், கிரேட்ஆக்ஸ் பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்து வெட்டும், வார்ஹேமர் பத்தடி தள்ளிவிடும். உங்கள் பாலத்தில் அந்தத் தள்ளல் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மரப்பகடை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஹவுஸ் ரூலைக் கிழித்துப் போட்டேன். மாஸ்டரியை மட்டும் சேர்த்தேன், வர்ணனையில் இடுக்கு தேடிக் குத்துவதையும். அதே பாலம், இன்னொரு நைட், ஐந்து ரவுண்டு. வார்ஹேமர் வாங்கியதில் ஃபைட்டர் மட்டும் அதை வைத்துக்கொண்டான், மூன்றாவது ரவுண்டில் நைட்டைக் கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கமாகத் தள்ளிவிட்டான், பிளேட் கவசத்தோடு அகழியில் தொபீர் என்று. அவனை மேலே இழுத்து எச்பியை முடிக்கத்தான் மீதி இரண்டு ரவுண்டு, ஏனென்றால் சாவி அவன் இடுப்பில் இருந்தது.

கிராஸ்போ கணக்கை மட்டும் வீடியோ நண்பனிடம் இன்னும் காட்டவில்லை. அவன்தான் எங்கள் ரேஞ்சர், கையில் இருப்பது ஹெவி கிராஸ்போ.