பெரியப்பாவின் தூக்க மாத்திரை

பெரியப்பா: மாத்திரை முன்போலக் கேட்கவில்லை. நள்ளிரவு தாண்டியும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். ஒன்றரையாகப் போட்டுக்கொள்ளலாமா? மலர், நீதானே மருந்தாளுநர், சொல்.

மலர்: வேண்டாம் பெரியப்பா. டாக்டரைக் கேட்காமல் கால் மாத்திரைகூடக் கூட்டாதீர்கள். கடைசிக் காபி எத்தனை மணிக்கு?

பெரியப்பா: ஆறு மணிக்கு. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பெரியம்மா: ஆறுக்கு ஒன்று. எட்டரைக்கு நான் அசந்த நேரம் பார்த்து இன்னொன்று. டம்ளர் தொட்டியில் கிடந்ததே!

மலர்: காபியில் இருக்கும் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். எட்டரைக்குக் குடித்ததில் பாதி ஒன்றரை மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் மூளையில் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. மாத்திரை ஒரு பக்கம் தாலாட்ட, காபி மறுபக்கம் தட்டி எழுப்புகிறது.

கதிர்: மாத்திரை பழகிப்போய்விடும் என்கிறார்களே, அக்கா?

மலர்: அது வேறு கதை. அல்பிரசோலாம், டயஸெபாம் போன்ற மாத்திரைகளைத் தினமும் போட்டால் சில வாரங்களிலேயே தூக்கம் தரும் பலன் மங்கலாம். காபியைக் குறைத்துப் பார்க்காமல் இவருக்கு எது காரணம் என்று சொல்ல முடியாது.

பெரியப்பா: காபி பல வருடமாக இதே அளவுதான், அம்மா. சிகரெட்டை விட்ட பிறகுதான் இந்தத் தொல்லை.

மலர்: அதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா! சிகரெட் புகை கல்லீரலில் கஃபீனைக் கரைக்கும் நொதியை முடுக்கிவிடும். புகை நின்றதும் சில நாட்களில் அந்த வேகம் தணிந்துவிடும். அதே காபிதான், ஆனால் இரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரு மடங்காகலாம். அதற்காக மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள்.

சித்தப்பா: கொஞ்சம் பிராந்தி குடித்தால் தானாகத் தூக்கம் வருமே?

மலர்: சித்தப்பா, விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். மதுவும் இந்த மாத்திரையும் மூளையில் ஒரே இடத்தில்தான் கை வைக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். அதற்கு மேல் காபி குடித்தால் விழிப்பு வந்ததுபோல் தோன்றுமே தவிர, ஆபத்து நீங்காது.

அத்தை: சளி மருந்து?

மலர்: குளோர்பெனிரமின் கலந்ததென்றால் மயக்கத்தைக் கூட்டும், அத்தை. அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: அப்படியானால் மாத்திரையையே இன்றோடு நிறுத்திவிடுகிறேன்.

மலர்: ஐயோ, தினமும் போட்டுவந்ததைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காபியையும் மெல்லக் குறையுங்கள், இல்லாவிட்டால் தலைவலி படுத்தும். மதியத்துக்கு மேல் வேண்டாம்.

பெரியப்பா: தேநீர்?

மலர்: அதிலும் கஃபீன் உண்டு.

பெரியப்பா: கோலா?

பெரியம்மா: நாளைக் காலை டாக்டரிடம் நானும் கூட வருகிறேன். இவர் எட்டரை மணிக் காபியைச் சொல்ல மாட்டார்.