ஸ்டென்ட் வச்சவங்களுக்கு அலர்ஜி மாத்திரை எழுதுறது எப்படி?

மேலூர்_ஓபி:
வணக்கம் சீனியர்ஸ், மேலூர் பக்கம் ஒரு பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டரா இப்பத்தான் சேந்துருக்கேன். அறுப்பு ஆரம்பிச்சதுல இருந்து ஓபில பாதிப்பேரு தும்மல், மூக்கொழுகல், கண்ணரிப்புதான், கதிரடிக்கிற தூசி ஒருபக்கம் பார்த்தீனியம் ஒருபக்கம். சின்னப்பசங்கன்னா யோசிக்காம எழுதிருவேன், ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைக்காம விரிச்சு வைக்கிற வலைக்குழாய்) வச்சுட்டு, பெரியாஸ்பத்திரி சீட்டுல மெட்டோப்ரோலால், ராமிப்ரில், குளோபிடோக்ரல்னு இதய மாத்திரைகளோட வர்றவங்கள பாத்தாத்தான் பேனா நிக்குது. நேத்து ஒரு பெரியவர் "கடையில வாங்குன மாத்திர நல்லாத்தான் கேட்டுச்சு, ஆனா ராத்திரி பூரா நெஞ்சு படபடன்னு அடிச்சிருச்சு, நீங்க ஊசியே போட்டு விடுங்க"ங்குறாரு. என்ன பண்ண?

வைகைக்கரை_ஃபிசிசியன்:
தம்பி, படபடப்புக்கு பெரும்பாலும் அலர்ஜி மருந்து காரணமா இருக்காது, மூக்கடைப்புக்குன்னு கூடவே சேத்து வச்சிருக்க சூடோஎஃபெட்ரினோ ஃபினைலெஃப்ரினோதான் இருக்கும். ரத்தக்குழாய சுருக்கி பிபிய ஏத்துற சாமான் அது, ஸ்டென்ட்காரருக்கு ஆகவே ஆகாது. அதுலயும் வாய்வழியா குடுக்குற ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்கு கேக்கவே மாட்டேங்குதுன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட நிபுணர் குழுவே 2023ல சொல்லிருச்சு, அப்புறம் எதுக்கு அந்த ரிஸ்க்கு.

மூக்கடைப்பு மருந்து சேராத தனி செட்ரிசின் 10, லீவோசெட்ரிசின் 5, லோரட்டடின் 10, ஃபெக்ஸோஃபெனடின் 120 மில்லிகிராம், இந்த அலர்ஜி மாத்திரையெல்லாம் தைரியமா எழுதலாம். கிட்னி வீக்கா இருந்தா செட்ரிசின பாதியாக்கணும். ஃபெக்ஸோஃபெனடின் பச்சத்தண்ணியிலதான், ஆரஞ்சு ஆப்பிள் ஜூஸோட போட்டா உடம்புல ஏறாது. மூக்கு மட்டும்தான் தொந்தரவுன்னா ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லு, மாத்திரையே வேணாம். சும்மா தும்மலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டா பிபியும் சுகரும் ஏறும், பெரியவர் கேக்குறாருன்னு போட்டுறாத.

திருமங்கலம்_மெடிக்கல்:
டாக்டர் சொல்றது சரி சார், கடைக்காரனா நான் ஒண்ணு சொல்றேன். நாலு மாத்திரை கேட்டா ஸ்ட்ரிப்ப வெட்டித்தான் குடுப்போம், பேரும் சேர்மானமும் அச்சடிச்ச பக்கம் பாதி நேரம் கடையிலயே நின்னுரும், உங்ககிட்ட வர்றப்ப வெறும் வெள்ளி அட்டைதான் இருக்கும். பேருக்குப் பின்னாடி டி, கோல்டு, பிளஸ்னு வால் இருந்தா திருப்பி சேர்மானத்த பாத்துருங்க. சீட்டுல "இதய நோயாளி, மூக்கடைப்பு மருந்து சேந்தது கூடாது"ன்னு தமிழ்லயே எழுதி விடுங்க, கவுண்டர்ல நிக்கிற பையனுக்கும் புரியும்.

உசிலம்பட்டி_மக:
நான் டாக்டர் இல்ல, இருந்தாலும் சொல்றேன். எங்கம்மாவுக்கு ஹார்ட் மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து வறட்டு இருமல், சளியே வராது, தூசி அலர்ஜின்னு சொல்லி மாத்தி மாத்தி மாத்திரை குடுத்தாங்க, வீட்ல வெள்ளையடிச்சு பழைய பாயெல்லாம் தூக்கிக்கூட போட்டோம். கடைசில பாத்தா ராமிப்ரில்தான் இருமல இழுத்து விட்டுருக்கு, டெல்மிசார்டன் மாத்துனாங்க, கொஞ்ச நாள்ல நின்னுருச்சு.

வைகைக்கரை_ஃபிசிசியன்:
சரியா சொன்னீங்கம்மா. அதே ராமிப்ரில் உதடு நாக்க வீங்கவும் வைக்கும், அது செட்ரிசினுக்கு அடங்காது, மருந்த நிப்பாட்டி உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்.

மேலூர்_ஓபி:
ரொம்ப நன்றிண்ணே. இதயத் துடிப்ப சீராக்குற அமியோடரோன் சாப்பிடுற ஒரு அம்மா, உடம்பெல்லாம் அரிப்புன்னு ஹைட்ராக்சிசின்ங்குற அலர்ஜி மாத்திரை கேக்குறாங்க, குடுக்கலாமா? இன்னொண்ணு, மெட்டோப்ரோலால் சாப்பிடுறவருக்கு அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான திடீர் அலர்ஜி) வந்தா அட்ரினலின் ஊசி போட பயமா இருக்கு.

வைகைக்கரை_ஃபிசிசியன்:
ஹைட்ராக்சிசின் வேணவே வேணாம். ரெண்டுமே க்யூடிய (இசிஜில தெரியுற, ஒரு துடிப்புக்கு இதயம் எடுத்துக்குற நேர அளவு) இழுக்குற மருந்து, சேந்தா துடிப்பு தாறுமாறாகலாம். டெர்ஃபெனடின்னு ஒரு அலர்ஜி மாத்திரை இருந்துச்சு, எரித்ரோமைசின்ங்குற ஆன்டிபயாடிக்கோட சேந்து துடிப்பையே தாறுமாறாக்கி 1998ல அமெரிக்க மார்க்கெட்ட விட்டே போச்சு. அதே மருந்து ஈரல்ல மாறி வர்ற பொருள்தான் ஃபெக்ஸோஃபெனடின், அதுக்கு அந்த வில்லங்கம் இல்ல, அந்தம்மாவுக்கு அத எழுது.

அட்ரினலினுக்கு ஹார்ட் பேஷண்ட்னு தயங்கக்கூடாது, தொடையில 0.5 மில்லிகிராம் தசைக்குள்ள, உடனே. மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் இருந்தா சரியா கேக்காமப் போகலாம், 5 நிமிஷத்துல மறுபடி போடு, அதுக்கும் மசியலன்னா குளுகோகான் ஊசி. உங்க பிஹெச்சில அது இருக்குறது சந்தேகம்தான், அதனால முதல் ஊசி போடுறப்பவே 108க்கு சொல்லிரு.