எம்.பி.யிடம் கொண்டுபோன நம் படைவீரர் குடும்பங்களின் மனுக்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஓய்வு பெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்

டிசம்பர் 7 கொடிநாள். எங்கள் பக்கத்தில் நடந்த விழா ஒன்றில் எங்கள் தொகுதி எம்.பி. எனக்குப் பொன்னாடை போர்த்தினார். புகைப்படம் எடுத்து முடிந்ததும் நகரப் பார்த்தவரை நிறுத்தி, "ஐயா, ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் பற்றிய கோஷியாரி குழு அறிக்கையைப் படித்தீர்களா?" என்றேன். "அது டெல்லி விஷயம் அல்லவா?" என்றார். பிறகு இவரை எந்த ஊருக்கு அனுப்பினோமாம்!

அந்த அறிக்கையைக் கொடுத்தது மாநிலங்களவையின் மனுக்கள் குழு, 2011 டிசம்பரில். ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றியவர்களுக்கு, எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும், ஓய்வூதியம் சமமாக இருக்க வேண்டும். பின்னால் வரும் உயர்வு பழையவர்களுக்கும் தானாகவே கிடைக்க வேண்டும் என்கிறது அது. சிப்பாய் நாற்பது வயதை ஒட்டியே வீடு திரும்பிவிடுகிறான். பிள்ளைகளின் படிப்புச் செலவு அப்போதுதான் தொடங்குகிறது.

இத்தனைக்கும் பிறகு, 2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் ஓய்வு பெற்ற முதிய வீரர்கள் மாதக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நவம்பரில் ஆணை வந்தது. ஆனால் 'தானாகவே' போய், ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம் என்று ஆனது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அது அரசின் கொள்கை முடிவு என்று ஏற்றுக்கொண்டது. இனி கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம்தான்.

ராணுவ நாயக் ஒருவரின் மகள், திருநெல்வேலி

எல்லோரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது ஐயா. பணியில் பட்ட காயத்துக்காக அப்பாவுக்கு வரவேண்டிய ஓய்வூதியம் இழுத்துக்கொண்டே போனது. எங்கள் எம்.பி.யின் உதவியாளர் ஓய்வூதிய ஆணையின் நகலை வாங்கிக்கொண்டார். அமைச்சகத்துக்குக் கடிதம் போனது. அதோடு நிற்காமல், இப்படி நிலுவையில் உள்ளவை எத்தனை என்று மக்களவையில் நட்சத்திரக் குறியிடாத கேள்வியாகவும் எம்.பி. கேட்டார். கோப்பு நகர்ந்தது. கடிதத்தால் நகர்ந்ததா, கேள்வியாலா, தெரியாது. கடிதம் எங்கள் வீட்டுக்கு மட்டும். இந்த வகைக் கேள்வி என்றால் எல்லோருக்குமாக அமைச்சர் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.

ராணுவ அதிகாரியின் கணவர், கோயம்புத்தூர்

முன்பெல்லாம் படைவீரருடன் வசிக்கும் மனைவிக்குத் தபால் வாக்கு இருந்தது. பெண் அதிகாரியுடன் வசிக்கும் கணவனுக்கு இருக்கவில்லை. மனைவியின் பணியிடத்தில் இருந்துகொண்டு விண்ணப்பிக்கப் போனபோதுதான் எனக்கே இது தெரிந்தது. தேர்தல் ஊழியர் சட்டப் பிரிவைக் காட்டிச் சிரித்தார்; அவரைக் குறைசொல்லி என்ன பயன்? 2021 டிசம்பரில் தேர்தல் சட்டங்கள் திருத்த மசோதா நிறைவேறிய பிறகே அது சரியானது. அதையும் வாக்காளர் பட்டியலின் ஆதார் இணைப்போடு ஒரே மசோதாவில் வைத்திருந்தார்கள். சபையில் சண்டை முழுக்க ஆதாருக்காகத்தான். எங்களைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

ஓய்வு பெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்

திருநெல்வேலித் தங்கை சொன்னது சரி. நம் சங்கத்திலும் இதுவரை கடிதம்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஐந்தாண்டுக் கணக்குப்படி அடுத்த ஓய்வூதியத் திருத்தம் 2029 ஜூலையில். மக்களவைத் தேர்தல் அதற்குச் சற்று முன்பே வந்துவிடும். சபையில் கேட்க வேண்டிய கேள்வியை நாமே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். வாசகம் எழுதத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.