பொருள்: ‘பைண்டு’ என்பதற்குப் ‘பிணைதல்’

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில், வன்பொருளை இயங்கவைக்கும் மென்பொருளான டிரைவர் (இயக்கி) தொடர்பான சொற்களை ‘இயக்கி நிறுவல்’ என்ற ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று கோவை நண்பர் போன வாரம் எழுதியிருந்தார். முடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறுவுவது வேறு, நினைவகத்தில் ஏற்றுவது வேறு, ஏறிய இயக்கி, கணினிக்குள் செருகிய ஓர் அட்டையைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்வது வேறு. ஆங்கிலத்தில் ‘பைண்டு’ எனப்படும் அந்த மூன்றாவதற்கு நம் பட்டியலில் சொல்லே இல்லை.

அது இல்லாததால் எனக்கு ஒரு பகல் போனது. ஐந்து ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில், பழைய சர்வரில் லினக்ஸின் புதிய பதிப்பைப் போட்டிருந்தார்கள். உள்ளே வட்டுகளைக் கணினியோடு சேர்க்கும் பழைய சாஸ் அட்டை, அதன் கீழ் எட்டு வட்டுகள். ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் அன்று ஏற்காட்டில் இருந்தேன், போனில்தான் பேச்சு.

“இயக்கியை நிறுவிட்டீங்களா தம்பி?”

“நிறுவியாச்சுங்கண்ணா. மாட்ப்ரோப் கட்டளை குடுத்து ஏத்தியும் விட்டேன், ஏறினதைக் காட்டுற எல்எஸ்மாட்ல தெரியுதுங்க.”

“அப்போ அட்டையோட இணைப்பு ஆகலைன்னு நினைக்கிறேன், பாருங்க.”

அவர் பார்த்தது கேபிளை. கழற்றி மாட்டினார், வேறு கேபிள் போட்டார், அட்டையையே அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினார். அவர் மேல் தப்பில்லை. ‘இணைப்பு’ என்றால் யாருக்கும் கேபிள்தானே நினைவுக்கு வரும்? மலையிறங்கி வந்து, அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ‘-கே’ சேர்த்துப் பார்த்தேன். மற்ற அட்டைகளுக்குக் கீழே எந்த இயக்கி பயன்பாட்டில் இருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. சாஸ் அட்டைக்குக் கீழே அந்த வரியே இல்லை.

நடப்பது இதுதான். இப்படி ஸ்லாட்டில் செருகும் ஒவ்வொரு பிசிஐ அட்டையிலும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என்று இரண்டு 16 பிட் எண்கள் உண்டு. எந்தெந்த எண்களை ஏற்பேன் என்ற பட்டியல் இயக்கிக்குள் இருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், அட்டையின் எண்களை அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் இயக்கியை அழைத்து அட்டையைச் சோதிக்கச் சொல்லும். சோதனை தேறினால்தான் அட்டை அந்த இயக்கிக்கு உரியது. எங்கள் அட்டையின் எண்ணைப் புதிய பதிப்பின் இயக்கியிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த எண் உள்ள இயக்கித் தொகுப்பைப் போட்டதும் வட்டுகளைக் காட்டும் எல்எஸ்எஸ்கஸியில் எட்டு வரிகள் வந்தன. ஒவ்வொரு வட்டின் ஒட்டுச்சீட்டில் இருந்த வரிசை எண்ணையும் திரையோடு வைத்துப் பார்த்து டிக் போட்டோம்.

இந்த ‘பைண்டு’க்குப் ‘பிணைதல்’ என்பது என் முன்மொழிவு. அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். தறியின் நீளவாட்டு இழைகளான பாவு தீர்ந்ததும், பழைய இழைகளின் நுனி தறியின் அச்சு, விழுது என்ற பாகங்களில் அப்படியே நிற்கும். அப்பா விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, புதுப்பாவின் இழையை அதற்குரிய பழைய இழையோடு சேர்த்து முறுக்குவார். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றுக்கு ஒன்று. புதுப்பாவு தறியில் ஏறிவிட்டது என்பதற்காக நெசவு ஓடாது. பிணைத்த பிறகுதான் ஓடும். ஏற்றுவதற்கும் பிணைப்பதற்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

‘பிணையம்’ என்று வலையமைப்பைச் சொல்கிறோமே, குழம்பாதா என்ற கேள்வி வரும். அது பெயர், இது வினை; வாக்கியத்தில் வைத்தால் குழம்பாது. நம் குழுவின் மதுரை அம்மா இதற்குச் சொன்ன ‘பூட்டுதல்’ எனக்கும் பிடித்த சொல், ஏர் பூட்டுவது போல அழகாக இருக்கிறது. ஆனால் ‘லாக்’கை நாம் ஏற்கெனவே பூட்டு என்றாக்கிவிட்டோம். ‘பற்றுதல்’ கணக்கு மென்பொருளில் வரவு பற்றோடு மோதும்.

இன்னொரு வசதி, தன்வினையும் பிறவினையும் இந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. கர்னல் தானாகச் செய்தால் ‘இயக்கி பிணைந்தது’. கர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ள பைண்டு கோப்பில் அட்டையின் முகவரியை நாமே எழுதினால் ‘பிணைத்தேன்’. பிணைப்பை நீக்கும் அன்பைண்டுக்கு ‘அவிழ்த்தல்’. அன்று போனில் “இயக்கி பிணையலை போல” என்று சொல்லியிருந்தால் அந்தத் தம்பி கேபிளைத் தொட்டிருக்க மாட்டார்.



மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு நிறுவல், ஏற்றல், பிணைதல் என்று மூன்றாகப் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து