மால்டன், ஃப்ளர் த செல், காலா நமக்: எதை எதில் போடுவது?

கேள்வி:
மால்டன் (செதில் செதிலான உப்பு), ஃப்ளர் த செல் (பிரெஞ்சுக் கடலுப்பு), காலா நமக் (கருப்பு உப்பு) மூணும் கையில் இருக்கு. தூள் உப்புக்குப் பதிலா மால்டன் அதே ஒரு டீஸ்பூன் குழம்பில் போட்டால் உப்பு உறைக்கவே மாட்டேங்குது. ஏன்?

பதில் 1:
கரண்டிக் கணக்கை விடுங்க, எடைதான் கணக்கு. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். செதில் உப்பில் இடைவெளி அதிகம், அதனால எடை ரொம்பக் குறையும். 6 கிராம் நிறுத்துப் போட்டா சரியாகும். ஆனா கரைஞ்சபிறகு ரெண்டும் சோடியம் குளோரைடுதான், குழம்புக்கு மால்டன் தண்டச்செலவு.

பதில் 2:
மால்டனை விரலால் நொறுக்கி, பரிமாறும்போது அவித்த முட்டை, தக்காளித் துண்டு மேலே தூவுங்க. முன்கூட்டியே தூவினா ஈரத்தில் கரைஞ்சு மொறுமொறுப்பு போயிடும். ஃப்ளர் த செல், பிரான்ஸின் கெராந்து உப்பளங்களில் நீர்மேல் ஏடு மாதிரி படிவதை வழிச்செடுப்பது. இயல்பிலேயே ஈரமா இருக்கும், உப்பு அரைக்கும் கை மில்லில் போட்டா அடைச்சுக்கும்.

பதில் 3:
காலா நமக்கின் முட்டை வாடைக்குக் கந்தகச் சேர்மங்கள் காரணம். கொதிக்கவிட்டா மணம் பறந்திடும். அடுப்பை அணைச்சபிறகு சேருங்க. மோருக்கு டம்ளருக்கு ரெண்டு சிட்டிகை போதும், கூடினா மோர் குடிக்க முடியாது.