ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்: ‘ஈசிமோ’ எங்கே, ‘மாஸ்’ எங்கே?

மக்களே, நம்ம குழுவில் கப்பல் வேலைக்குப் போனவர்கள் உண்டு என்பதால் இங்கே கேட்கிறேன். மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்தே ஸ்பானிஷ் படிக்கிறேன், பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை. ‘இருப்பதிலேயே’ என்று ஒப்பிட்டுச் சொல்வது புரிகிறது: முதலில் எல் அல்லது லா (ஆங்கில ‘the’ மாதிரி, ஆண்பால், பெண்பால்), பிறகு பெயர்ச்சொல், மாஸ் (‘அதிக’), பெயரடை, கடைசியில் தே (‘of’; எல் சேர்ந்தால் தெல்). முட்டம்தான் குமரி மாவட்டத்திலேயே அழகான கடற்கரை என்பதற்கு ‘லா ப்ளாயா மாஸ் போனீத்தா தெல் திஸ்த்ரீத்தோ’ (சொத்தவிளைக் கடற்கரைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்). மெஹோர் (இன்னும் நல்ல), பெயோர் (இன்னும் மோசமான) இரண்டுக்கும் மாஸ் வேண்டாம், அவை பெயர்ச்சொல்லுக்கு முன்னாலேயே வந்து நிற்கும், அதுவும் சரி.

குழப்பம் ‘ஈசிமோ’ என்ற விகுதியில்தான். யாரோடும் ஒப்பிடாமல் ‘ரொம்ப ரொம்ப’ என்று சொல்ல, ஆல்த்தோ (உயரமான) ஆல்த்தீசிமோ ஆகிறது, ஆனால் அமாப்ளே (அன்பான) அமாபிலீசிமோ என்று வேறு வழியில் போகிறது. ஃபுவெர்த்தேக்கு (வலுவான) ஃபோர்த்தீசிமோ, ஃபுவெர்த்தீசிமோ இரண்டும் சரியாம். சாதாரணப் பேச்சில் எதைச் சொல்வார்கள்? இல்லை, பேசாமல் முன்னால் ‘முய்’ (‘ரொம்ப’) போட்டுவிட்டுப் போய்விடுவார்களா? அப்புறம், வயதில் மூத்தவருக்கு மயோர் என்பது தெரியும், உருவத்தில் பெரியதற்கு மாஸ் கிராந்தே (கிராந்தே என்றால் பெரிய) தானா, அங்கேயும் மயோர் வருமா? முடிந்தால் உச்சரித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்.